ஏழு குட்டிகளும் ஒரு பலகை நாயும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் கடுகும் சௌகரியமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, எக்ஸ்ரே அறையில் நின்றது போக மிச்ச நேரமாவது உட்கார்ந்து, இடுப்பு வலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் நீ அதை முடித்துவிடுகிறாய், நீ முடிப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், கடைசியில் மூன்று பேரும் மூன்று விஷயம் பேசி வைத்துவிடுகிறோம். இது முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆள் சொல்ல வேண்டிய விஷயம். நீ உனக்கென்று வைத்திருக்கச் சொன்னாயே மரத்தூள், அந்தக் குட்டியைப் பற்றியது. உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. வரிசையாகப் படி.

முதலில் வீட்டு விஷயம். மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி மற்றவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாச்சு, மாற்றின நாளிலிருந்து என் சட்டையில் இருக்கிற பசைக் கறை எல்லாம் அவளுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் கஷ்டகாலம். பட்டறைக் கூரையில் ஒழுகின பக்கத்துத் தகரத்தை மாற்றினேன். நான் ஏணி ஏறவில்லை, ஆள் வைத்துத்தான் செய்தேன், அதற்கென்று தனியாகப் போன் போட்டுத் திட்ட வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபத்திரண்டு கதவு செய்கிற வேலை வந்திருக்கிறது. குட்டிகள் பட்டறையில் இருந்த வரைக்கும் அதில் ஒரு கதவு கூட உருப்படியாக நகரவில்லை. ஒரு கதவின் கீழ் மூலையைக் கடித்தே வட்டமாக்கிவிட்டார்கள், அதை இப்போது மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன்.

குட்டிகள் எப்படி வந்தன என்பது உனக்குத் தெரியும், கல் அறுக்கும் பட்டறைக்காரருடைய ஆண் நாய் ஆறடிச் சுவரைத் தாண்டிக் குதித்ததும் தெரியும். கடுகும் அந்த நாயும் ஒரே வேட்டைநாய் இனம், நிமிர்ந்து நின்றால் கன்றுக்குட்டி உயரம். நீ தோள்பையில் வைத்து எடுத்துவந்த நாளில் உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கியது என்று கடுகு என்று பேர் வைத்தாய், ஒரே வருடத்தில் அந்தப் பேர் ஊர் சிரிப்பாகிவிட்டது. பிறந்தது எட்டு, முதல் நாளே ஒன்று போய்விட்டது, தங்கியது ஏழு. நீ இல்லாத குறைக்குப் பேர் வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது, கண்ணுக்கு எதிரில் இருந்ததை எல்லாம் வைத்தேன், ஆணி, ஆப்பு, உளி, கீல், தாழ்ப்பாள், சீவல், மரத்தூள். மூன்றாம் வாரம் போனில் படம் காட்டினபோது நீ மரத்தூளைப் பார்த்துவிட்டு, இதை எனக்கு வைத்திருங்கள், அடுத்த வருஷம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாய். உன் அம்மா அந்த நிமிஷமே அதன் கழுத்தில் உன் பழைய நீல ரிப்பனைக் கட்டிவிட்டாள். வருகிறவர்கள் யார் கேட்டாலும் அது எங்கள் பெண்ணுடையது என்று சொல்லிவிடுவாள், நானும் அப்படித்தான் சொன்னேன்.

மிச்சம் ஆறுக்கு இடம் பார்ப்பது லேசு என்று நினைத்தேன். வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை, குட்டியாக இருக்கும்போது யாருக்குத்தான் பிடிக்காது. இது இவ்வளவு பெரிசாக வளரும் என்று கையை உயர்த்திக் காட்டினால் தலையைத் தலையை ஆட்டுவார்கள், ஆனால் காதில் ஏறாது என்பது முகத்திலேயே தெரியும். கடுகைக் காட்டலாம் என்றால் அவள் பால் கொடுத்துக்கொண்டு எந்நேரமும் படுத்தே கிடந்தாள், படுத்திருக்கிற நாயைப் பார்த்தால் உயரம் தெரியாது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கதவு மாட்டுவதற்கு முன்னால் அட்டையை வெட்டி வைத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு முழு வளர்ந்த நாயைப் பலகையில் வெட்டி, அடியில் கட்டை கொடுத்து, தானாக நிற்கிற மாதிரி செய்தேன். வாலைத் தனியாகக் கீல் போட்டு மாட்டினேன், தட்டினால் இரண்டு பக்கமும் வீசும். உன் அம்மா கண்ணும் மூக்கும் வரைந்தாள், ஒரு கண் கொஞ்சம் சந்தேகப் பார்வை, ஆனால் அது நன்றாகவே இருந்தது. குட்டி வேண்டும் என்று யார் வந்தாலும் இந்தப் பலகை நாயைக் கொண்டுபோய் வீட்டு நடையில் மூன்று நாள் வைத்திருங்கள், எந்தப் பக்கமும் ஒதுக்கி வைக்கக் கூடாது, அதன் பிறகும் வேண்டுமென்றால் வாருங்கள் என்று சட்டம் போட்டேன்.

சட்டம் நன்றாக வேலை செய்தது. பல் டாக்டரும் அவர் மனைவியும் ஒரே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள், குளியலறைக் கதவு திறக்கவில்லையாம். தையல்கடைக்காரர் மூன்று நாளும் வைத்திருந்து, ஈரத் துணி காயப்போட ரொம்ப வசதி, குட்டி வேண்டாம், இந்தப் பலகையைத் தர முடியுமா என்று கேட்டார். சிரிக்காதே, ஆர்டர் கொடுத்தால் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பள்ளி வேன் ஓட்டுகிறவர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், பேங்கில் காசாளராக இருக்கிற ஒரு பெண் என்று மூன்று பேர் பாஸ் பண்ணினார்கள். வேன்காரருக்கு ஆப்பு, டீச்சருக்குத் தாழ்ப்பாள், காசாளருக்குக் கீல் என்று கொடுத்து அனுப்பிவிட்டு எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதை நான்கு நாள்கூட நிற்கவில்லை. பலகை நாயைப் பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தேன், கடுகு எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றாள். உன் அம்மா புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உங்கள் நாய் என்ன, நிஜ நாயின் கழுத்துக்குத்தான் வருகிறது என்றாள். டேப்பை எடுத்து அளந்து பார்த்தால் முழுசாக ஓர் அடி குறைச்சல். விஷயம் இதுதான். படுத்திருக்கிற நாயை எங்கே அளப்பது என்று கடுகுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா கொடுத்த ஊசிச் சீட்டில் உயரம் முப்பத்திரண்டு இஞ்ச் என்று எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே வெட்டிவிட்டேன். நாய்க்கு உயரம் என்றால் தோள் வரைக்கும்தானாம், தலை கணக்கில் வராதாம். நான் கதவு செய்கிறவன், எனக்கு உயரம் என்றால் உச்சி வரைக்கும். முப்பது வருடமாக, சீட்டில் எழுதிக்கொண்டு வருகிற அளவை நம்பாதே, உன் டேப்பால் நீயே எடு என்று வருகிறவன் போகிறவனுக்கு எல்லாம் பாடம் நடத்தினவன், சொந்தப் பட்டறையில் படுத்திருக்கிற நாயைச் சீட்டைப் பார்த்து வெட்டினேன். உன் அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. தப்பு அளவு காட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், மூன்று வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சரியான உயரத்தில் இன்னொரு பலகை நாய் வெட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று வீட்டுக்கும் போனேன். வேன்காரர் பார்த்துவிட்டு, தினமும் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன், இது ஒன்று என்ன என்று சொல்லிவிட்டார். டீச்சர் எனக்கு நூற்றுக்கு எழுபது மார்க் போட்டார், தாழ்ப்பாளைத் தர மாட்டேன் என்றார். காசாளர் வீட்டில்தான் சங்கடம். அவர்கள் இருப்பது இரண்டு அறை உள்ள மாடி வீடு, புது நாயை உள்ளே நிறுத்தினதும் வீட்டில் வேறு எதுவும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. கீலைத் தூக்கி என் கையில் கொடுக்கும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தப்பால் ஒரு வாரம் ஆசை வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது. கீலைக் கல் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய், உங்கள் பிள்ளை குதித்த சுவருக்கு நீங்கள்தான் பொறுப்பு என்றேன், மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். ஆணியும் உளியும் குதிரைப் பயிற்சிக் கூடத்துக்குச் சேர்ந்தே போனார்கள், அங்கே பலகை நாய்க்கு வேலையே இல்லை, குதிரைக்கு நடுவில் இவர்கள் பொடிசுகள். சீவலை உன்னோடு படித்த மருந்துக்கடைக்காரப் பெண் கூட்டிப்போனாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், நீ அவளுக்குப் பதில் போடுவதே இல்லையாம், ஒரு வரியாவது போடு.

மிச்சம் மரத்தூள். அதற்குள் பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டது, ரிப்பனை இரண்டு தடவை அவிழ்த்து நீளம் கூட்டிக் கட்டியாச்சு. அப்போதுதான் செடிப்பண்ணை வைத்திருக்கிற அம்மா தொட்டி அடுக்குகிற தட்டு செய்யச் சொல்லி வந்தார். ஊர் எல்லையில் சுற்றிலும் வேலி போட்ட இடம், நடுவில் ஒரு சின்ன வீடு, தனி ஆள். என் வயதுக்குப் பத்துப் பதினைந்து குறைவாக இருக்கும். மரத்தூள் நேராக அவர் காலடியில் போய்ப் படுத்தது. இது எங்கள் பெண்ணுக்கு வைத்திருக்கிறோம் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன், அப்படியா என்று சொல்லிவிட்டு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் தட்டின் அகலத்தைச் சொல்ல ஒரு தடவை, உயரத்தைச் சொல்ல ஒரு தடவை, சொன்ன உயரம் சரிதானா என்று கேட்க ஒரு தடவை என்று வந்துகொண்டே இருந்தார். வந்தால் மர அடுக்கின் மேல் உட்கார்ந்துவிடுவார், மரத்தூள் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிடும். அவர் காலை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். நான்காவது தடவை, இந்த ஜாதி நாய் எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டார். இத்தனை பேர் வந்தார்களே, எவ்வளவு சாப்பிடும், எவ்வளவு வளரும், கடிக்குமா, முடி கொட்டுமா என்று கேட்காதது இல்லை, இதை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கே தெரியவில்லை. ஐந்து வருடம் ஒரு நாயை வீட்டில் வைத்துக்கொண்டு நானும் அதைக் கேட்டதில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். இவ்வளவு பெரிய உடம்பு உள்ள இனத்துக்கு ஆயுசு கம்மி, ஏழு, எட்டு, பத்தைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்றார். அந்த அம்மா அடுத்த தடவை வந்தபோது அதைச் சொன்னேன், கேட்டால் பின்வாங்கிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அவர் குட்டியைத் தடவிக்கொண்டே, “எட்டு வருஷம்னா எட்டு வருஷம். அந்த எட்டும் நான் இங்கதான் இருப்பேன், எங்கயும் போறதா இல்ல” என்றார். எனக்கு எதுவும் சொல்லிக்காட்ட வேண்டும் என்று அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையாகத் தட்டுக்கு எந்த மரம் போடப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆனால் எனக்கு அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை, ஒரே பலகையை இரண்டு தடவை இழைத்தேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. அடுத்த வருஷம் வருகிறேன் என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாய். குறை சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் காரணம் இருந்தது, ஒரு தடவை லீவு கிடைக்கவில்லை, ஒரு தடவை பரீட்சை, ஒரு தடவை கூட வேலை செய்கிற பெண்ணுக்குப் பிரசவம். எல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் மரத்தூளுக்கு மொத்தமே ஏழெட்டு வருடம், அதிலும் இதே மாதிரி மூன்றை அது யாரென்று தெரியாத ஒருத்திக்காக ரிப்பன் கட்டிக்கொண்டு காத்திருப்பது எந்த ஊர் நியாயம். நீ வந்தாலும் அதைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, நீங்கள் மூன்று பெண்கள் இருக்கிற அந்த அறையில் அந்தப் பலகை நாயைக் கூட நிறுத்த முடியாது. உயரத்தை நான் தப்பாக அளந்ததை உன் அம்மா கண்டுபிடித்தாள், வருடத்தை அளக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மரத்தூளைக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. “அது இங்க இருந்தா அவ வருவா. அதையும் குடுத்துட்டா அவ எதுக்கு வருவா?” இத்தனை நாள் நாங்கள் குட்டியை எதற்கு வைத்திருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. உனக்காக வைத்திருக்கவில்லை, உன்னை இழுத்துக்கொண்டுவர வைத்திருந்தோம். அவள் மட்டும் இல்லை, நானும்தான். அதன் பிறகு இரண்டு நாள் அவள் காபியை மட்டும் சத்தமாக வைத்தாள். மூன்றாம் நாள் காலை, அந்தம்மாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு போட வேண்டும் என்று தெரியுமா, எலும்புக்கு மருந்து எப்போது கலக்க வேண்டும் என்று தெரியுமா என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். எழுதி முடித்ததும் நீல ரிப்பனை அவிழ்த்து மடித்து உன் அலமாரியில் வைத்துவிட்டு, அவளே மரத்தூளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். போகிற வழி முழுக்க அழுதாள்.

குட்டிக்கு இப்போது பதினாறு வாரம் ஆகிறது. மரத்தூள் நன்றாக இருக்கிறது, இரண்டு வரிசைத் தொட்டியை உடைத்துவிட்டதாம், அந்த அம்மா அதைப் பெருமையாகச் சொல்கிறார். உன் அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை செடி வாங்கப் போகிறாள், வீட்டில் கால் வைக்க இடமில்லை. உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு என்று நீ நினைத்தால் அந்தத் தப்பு என்னுடையது, அம்மாவைத் திட்டாதே. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், நானும் தலையாட்டியிருப்பேன், குட்டி காத்துக்கொண்டிருந்திருக்கும்.

நீ எதற்கு வருவாய் என்று அம்மா கேட்ட கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இதை நான் போனில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, உன் வேலை கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், இப்போது எழுதிவிட்டேன். மழையில் நனையாதே, நிற்கிற வேலைக்குத் தகுந்த செருப்பாக வாங்கிப் போடு, பழசையே ஒட்டி ஒட்டிப் போடாதே. ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் வெறும் வயிற்றோடு தூங்காதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்து நீ நிறைவாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கடுகுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கேட்டதும் அவள் போனைப் பார்ப்பதில்லை, எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறாள். நாம் பேசி முடித்து வைத்த பிறகும் ரொம்ப நேரம் அங்கேயே நிற்கிறாள், கூப்பிட்டால் வருவதில்லை. மூன்று வருடமாக இப்படித்தான், உனக்கு மனசு கஷ்டமாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதனால் நீ வருகிற தேதி முடிவாகும் வரைக்கும் போனில் கொஞ்சம் மெதுவாகப் பேசு. முடிவானதும் சத்தமாகப் பேசலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா